மாசிலாமணியின் இடது விலா

இல்ல சார், நான் பாக்ஸர் இல்ல. இந்த மூக்கைப் பாத்துட்டு எல்லாரும் அதான் கேக்குறாங்க. ஹார்பர் கேன்டீன்ல கண்ணாடிக் கதவு சாத்தியிருக்குன்னு தெரியாம நடந்து போனேன், அப்ப ஒடஞ்சது. கையில வடைத் தட்டு இருந்துச்சு. வடைக்கு ஒண்ணும் ஆவல. கிளவுஸ் போட்டது வாழ்க்கையில ஒரே தடவை, பதினேழு வயசுல. எதிர்ல நின்னவன் தும்முனான், நான் விழுந்துட்டேன். அதோட சரி.

ஆனா ராயபுரத்துல வந்து கிரேன் ஆபரேட்டர் தணிகாசலம்னு கேட்டுப் பாருங்க, பாக்ஸிங் பத்திப் பேசுறதுல இன்னா பேருன்னு சொல்லுவாங்க. இல்ல, வேணாம், கேக்காதீங்க. இந்த பஸ்ல நீங்க வேலூர் போறீங்க, நான் ராணிப்பேட்டையில எறங்கிடுவேன், நாம மறுபடி பாக்கப்போறதில்ல. அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். இதை எங்க ஏரியாவுல வாயைத் தெறந்து சொன்னேன்னா என் புள்ளை குடும்பத்துல நானே நெருப்பு வச்ச மாதிரி ஆயிடும்.

எங்க தெருமுனையில ஒரு பால் பூத்து. பக்கத்துல சிமெண்ட் பெஞ்சு. ஞாயித்துக்கிழமை கறி வாங்கி வீட்ல குடுத்துட்டு, அது வேகுற வரைக்கும் அங்கதான் உக்காருவோம். உக்காந்து, செத்துப்போன பாக்ஸருங்களை மோத விடுவோம். சிரிக்காதீங்க சார், அதுக்கெல்லாம் சட்டம் இருக்கு. எத்தினி ரவுண்டு, எந்தக் காலத்துக் கிளவுஸ், எடை எவ்ளோ, எல்லாம் மொதல்லயே பேசி முடிச்சிடணும். ஒருத்தருக்காக இவன் பேசுவான், இன்னொருத்தருக்காக அவன் பேசுவான். இவன் ஒரு குத்து சொன்னா அவன் பதில் குத்து சொல்லணும். அந்த ஆளு நெஜமா அடிச்ச குத்தா இருக்கணும், நீயா புதுசா கண்டுபிடிக்கக் கூடாது. பூத்துக்காரர் கன்னியப்பன்தான் ரெஃப்ரி. மூணு நிமிஷம் ஆனா பால் ட்ரேவுல சாவியால தட்டுவாரு. நடுவுல வீட்லருந்து போன் வந்துச்சுன்னா, கறி வெந்துடுச்சுன்னு அர்த்தம், ஆட்டம் க்ளோஸ்.

இன்னொரு சட்டமும் இருக்கு. பாக்ஸரோட சொந்தக்காரங்க யாராவது பக்கத்துல இருந்தா, அவங்க ஆளை நாக் அவுட் பண்ணக்கூடாது. பாயிண்ட்ல தோக்கடிச்சுக்கலாம், அது மரியாதை. அந்தச் சட்டத்தைக் கொண்டாந்தவன் நான்தான். மத்தவங்க மனசு நோகக்கூடாதுன்னு நெனக்கிற ஆளு சார் நான்.

முப்பத்தொரு வருஷமா எனக்கும் நெப்போலியனுக்கும் ஒரே சண்டை. நெப்போலியன் லேத்துப் பட்டறை வச்சிருக்கான், என் உயிர் சிநேகிதன். அவன் ஆளு எங்க ராயபுரத்துப் பனைமரத்தொட்டி மாசிலாமணி, அம்பதுகள்ல ஆடுனவரு, இடது கைக்காரரு. என் ஆளு கல்மண்டபம் சவரிமுத்து, அவருக்கு இருவது வருஷம் பின்னாடி. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அடிச்சதே இல்ல. ஒருத்தரு ரிங்கை விட்டு வெளிய வந்தப்ப இன்னொருத்தரு ஸ்கூல்ல படிச்சிக்கினு இருந்திருப்பாரு. ஆனா எங்க பெஞ்சுல ஒரு ஆயிரம் தடவையாவது மோதியிருப்பாங்க.

சவரிமுத்துவை நான் கண்ணால பாத்திருக்கேன். மாசிலாமணியைப் பாத்ததில்ல. ஆனா பாத்தவங்க எல்லாரும் ஒண்ணு சொல்லுவாங்க. அவரு இடது கையைத் தூக்கி அடிக்க வரும்போது இடது விலா அப்படியே தெறந்த வீடு மாதிரி கெடக்குமாம். அது போதுமே எனக்கு. சவரிமுத்துவோட வலது நேரா அங்க போகும், ரெண்டாவது ரவுண்டுல மாசிலாமணி படுத்துடுவாரு. நெப்போலியன் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் கேப்பான். அவ்ளோ தெறந்து கெடந்தா, ஏண்டா அவர் ஆடுன காலத்துல ஒருத்தன் கூட அங்க அடிச்சு அவரை விழ வைக்கலன்னு கேப்பான். அந்தக் காலத்து ஆளுங்களுக்குக் கண்ணு தெரியலடான்னு நான் சொல்லுவேன். எல்லாரும் சிரிப்பாங்க, பாயிண்ட் எனக்குத்தான்.

இப்ப கதைக்கு வரேன். என் புள்ளை இளம்பரிதி, முப்பத்திநாலு வயசு, இங்க ராணிப்பேட்டையில கம்ப்ரஸர் கம்பெனியில வேலை. பத்தொம்பது பொண்ணு பாத்தாச்சு. ஒண்ணு அமைஞ்சா ஜாதகம் அமையல, ஜாதகம் அமைஞ்சா அவனுக்கு வாய் அமையல. பேசவே மாட்டான் சார். எனக்கு இப்படி ஒரு புள்ளையான்னு நீங்க நெனப்பீங்க. வீட்ல பேசுற எடத்தையெல்லாம் நான் எடுத்துக்கினேன்னு என் சம்சாரம் வேதவல்லி சொல்லுவா. அவ அப்படித்தான் ஏதாவது சொல்லிக்கினே இருப்பா.

இருவதாவது பொண்ணு கொளத்தூர்ல. பேரு தமயந்தி, லேப் டெக்னீஷியன். போட்டோ பாத்தப்பவே பையன் மூஞ்சியில ஒரு வெளிச்சம். போன் நம்பர் குடுத்து ரெண்டு வாரம் பேசிக்கினாங்க. என் புள்ளை, ஒரு மணி நேரம், போன்ல. வேதவல்லி மொட்டை மாடிக் கதவுகிட்ட நின்னு கேட்டுட்டு வந்து அழுதா. அவன் எங்களைக் கூப்பிட்டு, இந்தப் பொண்ணு அமையலன்னா இனிமே எனக்குப் பாக்க வேணாம்னு சொல்லிட்டான். அவன் வாயிலருந்து வந்ததிலேயே நீளமான பேச்சு அதுதான்.

பொண்ணு வீட்டுக்குப் போனோம். பொண்ணோட அப்பா குணசேகரன், மின்வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆனவரு, நல்ல மனுஷன். ஜாதகத்துல மா. குணசேகரன்னு போட்டிருந்துச்சு. அந்த மா இன்னான்னு நான் கேக்கல. மாணிக்கமோ மாரிமுத்துவோன்னு நெனச்சிக்கினேன். சுவத்துல மாலை போட்ட ஒரு பெரியவர் படம் இருந்துச்சு. மூக்குக் கண்ணாடி, நெத்தி நெறைய விபூதி. ஸ்கூல் ஹெட்மாஸ்டர் மாதிரி இருந்தாரு.

ராயபுரம்னு சொன்னதும் குணசேகரன் என் மூக்கைப் பாத்தாரு. பாக்ஸிங்ல ஆர்வம் உண்டான்னு கேட்டாரு. வேதவல்லி அப்பவே என் தொடையைக் கிள்ளுனா, நான் கொசுன்னு நெனச்சேன். பனைமரத்தொட்டி மாசிலாமணின்னு ஒருத்தர் இருந்தாரே, கேள்விப்பட்டிருக்கீங்களான்னு மெல்லக் கேட்டாரு. மனுஷன் நாலு நல்ல வார்த்தை கேக்கணும்னு எவ்ளோ ஆசையா கேட்டிருப்பாரு. எனக்கு அது தெரிஞ்சா தானே.

நல்ல பாக்ஸர்தான், ஆனா அந்தக் காலத்துக்குன்னு ஆரம்பிச்சேன். சவரிமுத்து கையில கெடைச்சா ரெண்டாவது ரவுண்டு தாங்க மாட்டாருன்னேன். எப்படின்னு அவரு கேட்டாரு. கேட்டாரு சார், நானா சொல்லல. பொண்ணோட தாய்மாமன் அங்க பஜ்ஜி சாப்பிட்டுக்கினு இருந்தாரு. அவரை எழுப்பி நிக்க வச்சி, இடது கையைத் தூக்கச் சொல்லி, இதான் மாசிலாமணின்னு சொன்னேன். இந்த விலா தெறந்த வீடு, இங்க ஒண்ணு, குனியும்போது தாடையில ஒண்ணு. பட்டும் படாமத்தான் காட்டுனேன், ஆனா அவரு பயந்து பின்னாடி போயி டீப்பாய் மேல உக்காந்துட்டாரு. அந்த நேரத்துலதான் பொண்ணு காபி எடுத்துக்கினு வருது. நான் தரையைக் காட்டி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கினு இருக்கேன்.

குணசேகரன் எழுந்திரிச்சு அந்த மாலை போட்ட படத்துகிட்ட போய் நின்னாரு.

"மாசிலாமணி எங்கப்பாங்க"ன்னாரு.

அப்ப நான் பேசாம இருந்திருக்கணும். கால்ல விழுந்திருக்கணும். நான் இன்னா சொன்னேன் தெரியுமா? "அப்படிங்களா, தெரியாமப் போச்சுங்க. அப்ப மூணாவது ரவுண்டுன்னு வச்சிக்கலாம்"னு சொன்னேன்.

மறுநாள் புரோக்கர் போன் பண்ணி, அந்த எடம் சரிப்படாதுன்னுட்டான். இளம்பரிதி ராணிப்பேட்டைக்குக் கெளம்புனான். வாசல்ல செருப்பு மாட்டிக்கினே, "செத்துப்போன ரெண்டு பேரு சண்டையில என் கல்யாணம் அடிபட்டுப்போச்சுப்பா"ன்னான். கோவமா சொல்லல, மெதுவாத்தான் சொன்னான். அதைத்தான் சார் என்னால தாங்க முடியல. மூணு நாள் வேதவல்லி எனக்குத் தட்டை வச்சாளே தவிர மூஞ்சியைப் பாக்கல.

நாலாவது நாள் பழத்தட்டோட கொளத்தூர் போனேன். குணசேகரன் உள்ள கூப்பிட்டு உக்கார வச்சாரு, தண்ணி குடுத்தாரு. பெஞ்சுல நடக்குறதையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஆனா அவரு மன்னிப்பை வாங்கிக்கல. எங்க வீட்டுக்குள்ள சொல்ற மன்னிப்பு எனக்கு எதுக்குன்னாரு. முப்பத்தொரு வருஷமா எந்தப் பெஞ்சுல, எந்த ஜனங்க முன்னாடி எங்கப்பாவைப் படுக்க வச்சீங்களோ, அங்க உக்காந்து அவருக்காகப் பேசி ஜெயிக்க வையுங்க, நான் வந்து பாக்குறேன்னாரு. எதிராளி இல்லாம சும்மா ஜெயிச்சதா சொல்லக் கூடாது, அது அவருக்கு அசிங்கம்னும் சொல்லிட்டாரு.

நேரா லேத்துக்குப் போனேன். நெப்போலியன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். டேய், ஞாயித்துக்கிழமை நான் மாசிலாமணி, நீ சவரிமுத்து, நீ தோத்துடணும்னேன். அவன் கண்ணு கலங்கிடுச்சு. உன் புள்ளை என் புள்ளை மாதிரிடா, அஞ்சு ரவுண்டும் வாங்கிக்கினு கீழ கெடக்குறேன் போதுமான்னான். என் கையைப் புடிச்சி சத்தியம் பண்ணான்.

ஞாயித்துக்கிழமை பெஞ்சுகிட்ட நாப்பது பேரு. தணிகாசலம் மாசிலாமணிக்காகப் பேசுறான்னு தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு. குணசேகரன் வெள்ளை வேட்டி கட்டிக்கினு வந்தாரு. அவருக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல், வண்டி ஓட்ட முடியாது. தமயந்திதான் ஸ்கூட்டர்ல இட்டாந்துச்சு. ஹெல்மெட்டைக் கழட்டி மடியில வச்சிக்கினு அப்பா பக்கத்துல உக்காந்துச்சு. என் புள்ளை வரல. வரதுக்கு மூஞ்சி இல்லன்னு சொல்லிட்டான்.

மொத ரவுண்டு நல்லாத்தான் போச்சு. நான் மாசிலாமணியோட கால் வேலையைச் சொன்னேன், இடது கையோட வேகத்தைச் சொன்னேன். நெப்போலியன் ஒவ்வொண்ணுக்கும் அய்யோ பட்டுடுச்சு, அய்யோ பட்டுடுச்சுன்னான். கன்னியப்பன் சாவியால தட்டிட்டு அவனைத் திட்டுனாரு. பால் பாக்கெட் மாதிரி நிக்கிறியே, நீ சவரிமுத்துவா இன்னா, ஒழுங்கா ஆடுறதா இருந்தா ஆடு, இல்லன்னா ஆட்டமே செல்லாதுன்னாரு. ஜனங்களும் கத்துனாங்க. நெப்போலியனுக்கு ரோஷம் வந்துடுச்சு. கொஞ்சம் போல ஆடிட்டு அப்பால விழுந்துக்கலாம்னு நெனச்சான் போல.

ரெண்டாவது ரவுண்டு ஆரம்பிச்சதும், மாசிலாமணி இடது கையைத் தூக்குனா விலா தெறந்த வீடுன்னான். அது என் வசனம் சார். நான் எப்படி இழுத்துச் சொல்லுவேனோ அப்படியே சொன்னான். வலது உள்ள போகுது, மூச்சு வெளிய வருதுன்னான். அதுவும் என்னுது. முப்பத்தொரு வருஷமா நான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் தீட்டித் தீட்டி வச்சது. பதில் இருக்கக் கூடாதுன்னே செஞ்சு வச்சது. அதுக்கு நான் எங்க போயி பதில் தேடுறது? கைவசம் இருந்த ஒரே பதில், நெப்போலியன் வழக்கமா கேக்குற கேள்விதான். ஏன் யாரும் அங்க அடிக்கலன்னு கேட்டேன். அந்தக் காலத்து ஆளுங்களுக்குக் கண்ணு தெரியலடான்னு அவன் சொன்னான். ஜனங்க சிரிச்சாங்க.

கண்ணால ஜாடை காட்டுனேன், டேய் விழுடான்னு. அவன் என்னைப் பாக்கவே இல்ல. வேர்த்துக் கொட்டுது அவனுக்கு, சட்டைக் கையை மடிச்சி விட்டுட்டான். விலாவுல ரெண்டு, தாடையில ஒண்ணுன்னு சொன்னான் பாருங்க, அந்த மாதிரி நான் கூடச் சொன்னதில்ல. என் வாய் சும்மா இல்லாம "சபாஷ்"னு சொல்லிடுச்சு. அடி வாங்குறவனே சபாஷ் போட்டா ரெஃப்ரி இன்னா பண்ணுவாரு. கன்னியப்பன் எண்ண ஆரம்பிச்சிட்டாரு. சொந்தக்காரங்க முன்னாடி நாக் அவுட் கூடாதுன்னு நான் போட்ட சட்டம், எனக்கே ஞாபகம் வரல.

குணசேகரன் எழுந்துட்டாரு. வேட்டியை ஒதறி விட்டாரு. வாம்மா போலாம்னாரு. சார், என் புள்ளை வாழ்க்கை அந்த வேட்டி முனையோட எழுந்து போறதை நான் பாத்துக்கினு உக்காந்திருக்கேன்.

அப்ப தமயந்தி எழுந்திரிக்கல. "உக்காருப்பா"ன்னுச்சு. "இவங்க யாரும் சண்டை போட வேணாம். தாத்தாவே என்கிட்ட சொல்லியிருக்காரு."

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. தாத்தா சாகும்போது அதுக்குப் பத்து வயசாம். சாயங்காலம் அப்பா ஷிப்ட்டுக்குப் போயிட்டா தாத்தாவும் பேத்தியும்தான் வீட்ல.

"சவரிமுத்து ஆடுறதை ஒரு தடவை போயிப் பாத்தாராம். பாத்துட்டு, நல்ல வேளை நான் முன்னாடியே பொறந்துட்டேன், இல்லன்னா இவன்கிட்ட வாங்கியிருப்பேன்னு சொன்னாரு. சொல்லிட்டு அவரே சிரிச்சாரு."

நெப்போலியன் தலையில கட்டியிருந்த துண்டை அவுத்துட்டான். கன்னியப்பன் எழுந்து நின்னு, ஜெயிச்சவன் சொல்றது பெருசு இல்ல, இதைச் சொல்றதுக்குத்தான் சாம்பியன் வேணும்னாரு. குணசேகரன் மெல்ல உக்காந்தாரு. எங்கப்பா சொல்லியிருப்பாருங்க, அவரு அப்படித்தான், அவரு வாயில பெருமையே வராதுன்னு சொல்லி அழுதாரு. நாப்பது பேரும் வரிசையா வந்து அவரு கையைப் புடிச்சிட்டுப் போனாங்க. ஜெயிச்சிருந்தாக் கூட மாசிலாமணிக்கு அவ்ளோ மரியாதை கெடைச்சிருக்காது. அந்த வாரமே தட்டு மாத்திக்கினோம், தை மாசம் கல்யாணம்.

நான் ஆடுன ஆட்டம் கேளுங்க. புள்ளைக்குக் கல்யாணம், கூடவே முப்பத்தொரு வருஷச் சண்டையில எனக்கு வெற்றி, அதுவும் எதிராளியே சொன்ன தீர்ப்பு. பெஞ்சுல எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் குடுத்தேன். கல்யாண மண்டபத்துல பொண்ணு வீட்டுக்காரங்ககிட்டயே அந்தக் கதையைச் சொன்னேன். ஆனா அப்பால ஞாயித்துக்கிழமை உக்காந்தா, எதிர்த்துப் பேச ஆளு இல்ல. மாசிலாமணியே சொல்லிட்டாரே, இனிமே இன்னா இருக்குன்னு கிரிக்கெட் பேசுறானுங்க. நெப்போலியன் கூட. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. ஜெயிச்சவனுக்கு இன்னா வருத்தம்? கறி வேகுறதுக்கு ரொம்ப நேரம் ஆவுற மாதிரி இருக்கும், அவ்ளோதான்.

போன மாசம் ராணிப்பேட்டைக்கு வந்தேன். மருமவ அவரைக்காய் ஆய்ஞ்சிக்கினு இருந்துச்சு. நான் அந்தக் கதையை மறுபடி ஆரம்பிச்சேன். உங்க தாத்தா மாதிரி ஒருத்தர் உண்டாம்மான்னு சொல்லிக்கினு வந்தேன். அது காயைக் கீழ வச்சிட்டு என்னையே பாத்துச்சு.

"மாமா, அது நான் சொன்ன பொய். தாத்தா ஒரு நாள் கூட பாக்ஸிங் பத்திப் பேசினதே இல்ல. எப்பவும் புறா கதைதான்."

யாருக்கெல்லாம் தெரியும்னுதான் மொதல்ல கேட்டேன். உங்க புள்ளைக்குத் தெரியும், இப்ப உங்களுக்குன்னுச்சு. அப்பாவுக்கு மட்டும் தெரியவே கூடாது, அவரு அந்த வார்த்தையைத்தான் தினமும் சொல்லிச் சொல்லி சந்தோஷப்படுறாரு, தெரிஞ்சா இந்த வீட்டுப் படியே ஏற மாட்டாருன்னு கண்ணைத் தொடச்சிக்கினுச்சு. அது பயப்படுறதைப் பாத்து எனக்கு வெக்கமாயிடுச்சு. என் வாயால கெட்ட காரியத்தை ஒட்ட வைக்க அந்தப் பொண்ணு செத்துப்போன தாத்தா பேர்ல பொய் சொல்லியிருக்கு. நான் அதுக்கு ஜிலேபி குடுத்திருக்கேன்.

பேச்சை மாத்தலாம்னு, புறா கதை இன்னான்னு கேட்டேன். அதுக்கு மூஞ்சி தெளிஞ்சிடுச்சு. ஊர்ப் புறாவைப் புடிக்கிறதுல தாத்தா கில்லாடியாம். கூண்டுக் கதவை அகலமாத் தெறந்து வச்சிட்டு, பாக்காத மாதிரி வேற பக்கம் திரும்பி நிப்பாராம். வெளிப் புறா தெறந்து கெடக்குதேன்னு தலையை உள்ள விடும். விட்ட அந்த நிமிஷம் டக்குனு கதவு விழும். தெறந்து கெடக்குதுன்னு அது நெனைக்கும், தெறந்து வச்சது நான்னு தாத்தா சொல்லிச் சொல்லி சிரிப்பாராம்.

அப்பதான் எனக்குப் புரிஞ்சுது சார். அந்த விலா தெறந்து கெடக்கல. தெறந்து வச்சிருந்தாரு. அங்க அடிக்கணும்னா எதிராளி வலது கையைக் கீழ எறக்கணும். எறக்குனா அவன் தாடைக்குக் காவல் இல்ல. இடது கையை எதுக்குத் தூக்கி வச்சாரு, அந்தத் தாடைக்குத்தான். ஏன் ஒருத்தனும் அங்க அடிச்சு ஜெயிக்கல? அடிக்கப் போனவன் எழுந்திரிச்சிருக்க மாட்டான். சவரிமுத்து கண்டிப்பா போயிருப்பாரு. நான் முப்பத்தொரு வருஷமா அவரை அங்கதானே அனுப்பிக்கினு இருந்தேன்.

மாசிலாமணி ஜெயிச்சிடுவாரு சார். ரெண்டாவது ரவுண்டு.

போன ஞாயித்துக்கிழமை பெஞ்சுல நெப்போலியனும் நானும்தான். அவன், "முப்பத்தொரு வருஷம் அந்தாளை நம்புனேன்டா தணிகா. அவரே இல்லன்னுட்டாரு"ன்னான். அவன் அப்படி உக்காந்து நான் பாத்ததில்ல. எனக்கு நாக்கு நுனியில நிக்குது. விலா, புறா, கூண்டு, எல்லாம். ஒரு வார்த்தை சொன்னா அவன் எழுந்து ஆடியிருப்பான். ஆனா எப்படிடா தெரியும்னு கேப்பான். மாசிலாமணியே மாத்திச் சொன்னாரேன்னு கேப்பான். ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு வரும், கடைசியில அது கொளத்தூர்ல போய்தான் நிக்கும். என் வாயை எனக்குத் தெரியாதா?

அதனால, ஆமாண்டா, பாவம்தான்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன். வீட்ல கறி இன்னும் வேகல. இன்னா சீக்கிரம் வந்துட்டீங்கன்னு வேதவல்லி கேட்டா. அவகிட்டயும் சொல்லல. என் புள்ளைக்காக நான் பேசாம இருந்தது வாழ்க்கையிலேயே இந்த ஒண்ணுதான் சார், அதுக்கு நெப்போலியன் தோக்க வேண்டியதாப் போச்சு.